தொட்டில் எங்கே கட்டுவது

பிரசவத்துக்குப் போயிருந்த அம்மா வீட்டிலிருந்து ஐந்தாம் மாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, இங்கே தொட்டில் தயாராக இருந்தது. தறிக்கூடத்துக்குள், என் மாமியார் ஓட்டும் தறிக்கும் என் கணவர் ஓட்டும் தறிக்கும் நடுவில், கூரைக்குக் குறுக்கே போகும் இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். பழைய பருத்திச் சேலை. மாமியார் அதை அலசி அலசி மெத்தென்று ஆக்கி வைத்திருந்தார். ஆரத்தி எடுத்து முடித்த கையோடு குழந்தையை என்னிடமிருந்து வாங்கி நேராக அங்கேதான் கொண்டுபோனார். நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அங்க வேண்டாங்க அத்தை" என்றேன்.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்குக் கேட்கவில்லை. முன்னால் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து, மறுபடி சொன்னேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார்.

"என்ற மகனும் இங்கதாங் கண்ணு தூங்குனான். தறி ஓடுனாத்தான் இந்த ஊட்டுப் புள்ளைகளுக்குத் தூக்கமே வரும்."

குழந்தையை உள்ளே போட்டார். அவளும் என் மானத்தை வாங்குவது போல, அந்தச் சத்தத்துக்கு நடுவே கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

எங்கள் வீடு மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. முன்னால் வீடு, நடுவே கொஞ்சம் முற்றம், அதைத் தாண்டி விசைத்தறிக்கூடம். நீளவாட்டுப் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் வேறொருவர் கொடுப்பார், நாங்கள் கூலிக்குச் சாயம் ஏறாத காடா துணி நெய்து கொடுப்போம். மாமனார் காலமாகிவிட்டார். மாமியார், கணவர், நான் என்று மூன்று பேரும் மாற்றி மாற்றி ஓட்டினால்தான் வேலை ஒப்பேறும். கூலிக்கு ஆள் கேட்டால் வருகிற ஒன்றிரண்டு பேரும் பனியன் கம்பெனிக்கே போய்விடுகிறார்கள். அங்கே உட்கார்ந்து செய்யும் வேலை, மேலே ஃபேன். இங்கே யார் வருவார்கள்.

இந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை என்பதால் அந்தப் பழக்கமே விட்டுப்போயிருக்கிறது. தோளைத் தொடுவார்கள். தூரத்தில் இருந்தால் கழிவு நூலை உருண்டையாக உருட்டி முதுகில் எறிவார்கள். மாமியார் எறிந்தால் குறி தப்பாது, கழுத்தடியிலேயே வந்து விழும். தறி நின்ற பிறகும் இவர்கள் பேசுவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்க வந்த என் அப்பா, அம்மாவும் மகனும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து, சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டார். அவர்கள் பேசியதெல்லாம் கோழிக்குழம்புக்கு உப்பு போதுமா என்பதுதான்.

எனக்கு அப்போது தலைவலி பிராணனை வாங்கும். நான் கணியூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரி. மோட்டார் ஓடும் சத்தத்தையே பெரிய சத்தம் என்று நினைத்து வளர்ந்தவள். இங்கே வந்த புதிதில் தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்தாலும் காதுக்குள் 'ங்ஙொய்' என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மாமியாரிடம் சொன்னேன். "பழகிரும் கண்ணு" என்றார். கணவரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். சொன்னபடியே கொஞ்ச நாளில் பழகியும் போயிற்று. தலைவலி நின்றது. நானும் தறிக்காரியாகிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்தப் பெருமையை உடுமலை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் உடைத்துப் போட்டார். குழந்தை பிறந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அதன் காதில் ரப்பர் முனை வைத்த ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தார். ரெண்டு காதும் நன்றாக இருக்கிறது என்றார். பேச்சுவாக்கில் வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். தறி என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"குழந்தையைக் கொண்டுபோய் அந்தச் சத்தத்துல படுக்க வெச்சிராதீங்கம்மா. காதுக்குள்ள ரொம்ப நுணுக்கமான நரம்பு இருக்குது. ஒருதரம் கெட்டா மருந்து மாத்திரை எதுக்கும் திரும்பி வராது."

"அது பழகிருங்களே" என்றேன்.

"சத்தம் அப்படியேதான் இருக்கும். பழகுதுன்னு நெனைக்கறீங்க பாருங்க, அப்ப உங்க காது கொறஞ்சுட்டு வருதுன்னு அர்த்தம்."

அம்மா வீட்டில் இருந்த நாளெல்லாம் எனக்கு இதே யோசனைதான். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் காது மடலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்த அன்றைக்கே தொட்டில் அங்கே தொங்குகிறது என்றால் எனக்கு எப்படி இருக்கும்.

அன்று சாயங்காலம் தறியை நிறுத்தியதும் கணவரிடம் நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, வாய் பேசாத மனிதர், அவ்வளவுதான்.

"அம்மாகிட்டச் சொல்லிப் பாரு" என்றார்.

மாமியாரிடம் சொன்னேன். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. திருப்பி ஒன்று கேட்டார்.

"உள் ரூம்ல போட்டா அழுவறது யாருக்குக் கண்ணு கேக்கும்? இங்க இருந்தா கண்ணுக்குத் தெரியும். வாயத் தொறந்தா அழுவறான்னு தெரிஞ்சுக்கறோம். தொட்டில் ஆடுனா முழிச்சுட்டான்னு தெரிஞ்சுக்கறோம். நாங்கெல்லாம் அப்படித்தான் வளத்துனோம்."

எதற்காக அங்கே கட்டுகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தூக்கம் வரும் என்பதெல்லாம் சும்மா சொல்லிக்கொள்வது. இந்த வீட்டில் பிள்ளை அழுவதைக் காதால் கேட்க ஆளில்லை, அதனால் கண்ணெதிரே தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் நான் விடவில்லை. என் காது நன்றாக இருக்கிறதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று, மறுநாள் வீட்டின் பின்னறையில் நானே தொட்டிலை மாற்றிக் கட்டினேன். பால்காரர் வந்து கேட்டைத் தட்டினால் நான்தான் போவேன். ஃபோன் வந்தால் நான்தான் எடுப்பேன். கல்யாணமானதிலிருந்து இந்த வீட்டுக்குக் காது நான்தான். அந்தத் தைரியம்.

தறி ஓட்டிக்கொண்டே சித்த நேரத்துக்கு ஒருதரம் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முற்றத்தைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, பின்னறை. தூங்குவாள். திரும்பி ஓடி வருவேன். அதற்குள் என் தறியில் ஊடை தீர்ந்து நிற்கும். இரண்டு நாளிலேயே என் இடுப்பு விட்டுப்போயிற்று. பிள்ளை பெற்ற உடம்பு. பாலும் கொடுத்து, சமையலும் செய்து, தறியும் ஓட்டி, நடுவில் இந்த ஓட்டமும் ஓடினால் எந்த உடம்பு தாங்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

அந்த வாரமே ஒரு நாள் என் தறியில் பாவு கொத்தாக அறுந்துபோனது. ஒவ்வொரு இழையாகப் பிடித்து முடிந்துகொண்டு நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், குழந்தை அழுது அழுது குரலே வராமல் கிடந்தாள். வாய் மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. கழுத்து மடிப்பில் பால் வழிந்த இடத்தில் எறும்பு. தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பின்னாலேயே வந்த மாமியார் எல்லாவற்றையும் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எறும்பையெல்லாம் துடைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, தொட்டில் சேலையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். வேறு என்ன செய்ய.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. தறி ஓடும், குழந்தை நடுவில் தூங்குவாள். காதில் பஞ்சை வைத்துவிடுவேன், அவள் பிய்த்துப் போடுவாள். குல்லா போட்டுத் துணியைச் சுற்றிக் கட்டுவேன், வேர்த்து வேர்க்குரு போட்டது. வெளியே எடுத்துப் போட்டால் எறும்பு, உள்ளே போட்டால் சத்தம். கரண்ட் போய்த் தறியெல்லாம் ஒன்றாக நின்றால் 'வீல்' என்று முழித்துக்கொண்டு அழுவாள். "பாத்தியா, தறிக்காரன் ஊட்டுப் புள்ள" என்று மாமியார் கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

என் தங்கச்சி வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். குழந்தையைப் பார்க்க வந்தவள், கைப்பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கயிறு கோத்த காதடைப்பான்களை ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.

"ஏது இவ்வளவு?" என்றேன்.

"துணி வாங்கற வெளிநாட்டுக்காரங்க ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்கெல்லாம் புதுசு புதுசாக் குடுப்பாங்கக்கா. வெள்ளைக்காரங்க காரு கேட்டத் தாண்டுன ஒடனே எல்லாரும் கழட்டிப் பையில போட்டுக்குவோம்."

"ஏன்டி, போட்டுக்கிட்டே வேலை பண்ணுனா என்ன?"

"யாருக்கா போடறாங்க. சூப்பர்வைசரே போடறதில்ல."

அதை மாமியாரிடம் நீட்டினேன். கையில் வாங்கி அமுக்கிப் பார்த்து, பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கிறது என்றார். போடமாட்டேன் என்றுவிட்டார். தறி நல்லபடியாக ஓடுகிறதா, ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா இடிக்கிறதா என்பதெல்லாம் அவருக்குச் சத்தத்தில்தான் தெரியுமாம். காதை அடைத்துக்கொண்டால் தறிக்கு என்ன கேடு என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். கணவரும் தலையை ஆட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காதடைப்பான்களை அப்படியே கொண்டுபோய் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கணவர் மாறியதற்கு நான் பேசியது எதுவும் காரணமில்லை. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. தறி எல்லாம் நின்று, ஊரே அமைதியாக இருந்தது. அவர் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையை அவருக்குப் பின்னால் அதே கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நான் துணி அலசப் போனேன். குழந்தை அழும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். கை கால் உதறிக் கத்துகிறாள். ஒரு முழத் தூரத்தில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு ஏதோ படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே நின்று பார்த்தேன். பிறகு மனசு கேட்காமல் போய் அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். மூக்கும் கண்ணும் ஒழுகிச் சிவந்திருந்தது.

"எப்ப இருந்து அழுவறா?"

"அப்பவே புடிச்சுங்க."

"தறிகூட ஓடலியே" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்திலேயே நடந்தார். கரண்ட் வந்த பிறகும் தறிக்குப் போகவில்லை. மாமியார் நூல் உருண்டையை எறிந்து பார்த்தார், அதற்கும் திரும்பவில்லை.

அடுத்த வாரம் திருப்பூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலைப் பட்டன் மேல் தயாராக வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளை போல அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் சோதனை செய்யும் பெண் என்னென்னவோ சத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். அதில் பாதிக்கு மேல் அவர் விரல் அசையவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கீச்சுச் சத்தமெல்லாம்தான் முதலில் போகுமாம். அப்புறம்தான் பேச்சுக் கேட்பது குறையுமாம். அதனால் போவதே தெரியாது என்றார். போன காதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, கருவி வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளிவாகும், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார்.

"பக்கத்துல நிக்கறவங்ககிட்டக் கத்திப் பேச வேண்டியிருந்தா, அந்த எடத்துல காதடைப்பான் கட்டாயம் போடணும். சும்மா பஞ்சு வெக்கறது, கழிவு நூல வெக்கறதெல்லாம் பத்தாது. அப்பப்ப வெளிய வந்து காதுக்கு ஓய்வு குடுங்க. எண்ணெய் ஊத்தறது, ஊக்குல நோண்டறது எதுவும் வேண்டாம்."

கணவர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லி முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கொழந்தைய எவ்வளவு தூரத்துல போடோணுங்க?"

"எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு. நடுவுல சுவரு இருக்கணும், கதவு சாத்தியிருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. பின்னறையில் தொட்டிலைக் கட்டினார். அதன் அடியில் ஒரு நைலான் கயிற்றை முடிந்து, சுவரின் மேலே காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக வெளியே இழுத்து, முற்றத்தின் மேலே கொண்டுவந்து, தறிக்கூடத்துக்குள் விட்டார். அந்த முனையில் நூல் தீர்ந்த அட்டைக் கோன் ஒன்றைச் சிவப்புத் துணி சுற்றித் தொங்கவிட்டார். அவர் அம்மாவின் கண்ணெதிரே, முன்பு தொட்டில் தொங்கிய அதே குழாயில். குழந்தை அசைந்தால் அங்கே தொட்டில் ஆடும், இங்கே கோன் குதிக்கும்.

முதல் இரண்டு நாள் காற்றுக்கெல்லாம் கோன் ஆடியது. மாமியார் ஒவ்வொரு தடவையும் போட்டது போட்டபடி ஓடினார். பிறகு முற்றத்தில் கயிறு போகும் வழிக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டினார் இவர். அதன்பின் சரியாயிற்று. டப்பாவில் கிடந்த காதடைப்பான்களை எடுத்து வந்து, தறியில் நிற்கும் எல்லாரும் போட வேண்டும் என்று கணவர் சொன்னார். அவர் மறுநாளே போட்டுக்கொண்டார். தறிச் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே நாடா ஓடும் விதத்தைக் கண்டுபிடிக்கப் பழகினார். மாமியாருக்கும் நான் தினமும் சொல்லிச் சொல்லி, கடைசியில் என் தொல்லை தாங்காமல் அவரும் போட்டார். "இவளுக்குத்தான் எல்லாந் தெரியும், டாக்டருக்குப் படிச்சவ" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

நான் போடவில்லை. வீட்டில் ஒருவருக்காவது காது திறந்திருக்க வேண்டாமா. கயிறு அறுந்துபோனால்? கோன் சிக்கிக்கொண்டால்? எனக்குத்தான் நன்றாகக் கேட்கிறதே.

ஒரு நாள் மாமியாரும் நானும் அடுத்தடுத்த தறியில் நின்றுகொண்டிருந்தோம். கோன் குதித்தது. நான் கிளம்புவதற்குள் அவர் தன் தறியை நிறுத்திவிட்டுப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, முற்றத்தில் நின்று என்னைக் கைகாட்டி அழைத்தார். போனேன். காதடைப்பானைக் கழற்றித் தோளில் போட்டபடி, அவருக்கு வழக்கமில்லாத தணிந்த குரலில் சொன்னார்.

"என்ற மகன் அழுவறது எனக்கு ஒருநாளுங் கேட்டதில்ல கண்ணு. பாத்திருக்கறேன், அவ்வளவுதான்."

குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் என் அம்மா கணியூரிலிருந்து வந்திருந்தார். குழந்தை இப்போது தவழ்கிறாள், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்று எங்களுக்குத் தறி லீவு. அம்மாவும் நானும் முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். குழந்தை என் மடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சட்டென்று தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். கையை நீட்டினாள். சிரித்தாள். மறுபடி என்னைப் பார்த்து, மறுபடி அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"என்ன சாமி, என்ன இருக்குது அங்க?" என்று கேட்டேன்.

"அணிலு கத்துதில்ல, அதக் காட்டறா" என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்கேம்மா?"

"ஏன் கண்ணு, அப்ப இருந்து காதக் கிழிக்கற மாதிரி கத்திட்டு இருக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். மதில் மேல் முருங்கைக்கிளையில் ஒரு அணில் உட்கார்ந்திருந்தது. வாலைத் தூக்கித் தூக்கி அடித்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அதையே பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

அறுபது வயது அம்மாவுக்குக் கேட்கிறது. ஒரு வயதுகூட ஆகாத பிள்ளைக்குக் கேட்கிறது. பிள்ளைக்குக் கேட்கிறது என்று நெஞ்சு நிறைந்தது. எனக்குத்தான் இல்லை. அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"உனக்குக் கேக்குலியா கண்ணு?"

"கேக்குதும்மா" என்றேன். கை வெங்காயமாக இருந்ததால் கண்ணைத் துடைத்ததற்கு அவர் எதுவும் கேட்கவில்லை. குழந்தை இன்னும் அந்தக் கிளையைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.